பொறிக்கு உரை எழுதியோர்: லினக்ஸ் இயக்கிகளின் வரலாறு

இலக்கியம் பேசும் இடத்தில் கணினிப் பொறியின் உள்ளுறுப்புகளைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் பழைய இதழ்களை வருடி எடுப்போரும், நூல்களை வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவோரும் நம்மிடையே பலர் உளர். அவர்கள் ஏதேனும் ஒரு நாளில் கேட்டிருக்கக்கூடிய வினா ஒன்றுண்டு. அதே கணினிதான், அதே அச்சுப்பொறிதான். விண்டோஸில் இயங்குவது லினக்ஸில் இயங்க மறுப்பது ஏன்? அண்மைக் காலத்தில் இவ்வினா தலைகீழாகவும் எழுகிறது. லினக்ஸில் ஒழுங்காக இயங்கும் பொருளைப் புதிய விண்டோஸ் அடையாளமே காணாதது ஏன்? இரண்டு வினாக்களுக்கும் விடை ஒரே வரலாற்றில் அடங்கியுள்ளது.

டிரைவர் என்பதைத் தமிழில் இயக்கி என்கிறோம். பொருத்தமான சொல். திரையில் ஓரிடத்தில் 'அ' என்னும் எழுத்தை வரைக என்று இயங்குதளம் ஆணையிடுகிறது. வரைகலை அட்டைக்கு அந்த ஆணை விளங்காது; அதன் உள்ளே உள்ள குறிப்பிட்ட சில பதிவகங்களில் குறிப்பிட்ட எண்களை இட்டால்தான் அது அசையும். எந்தப் பதிவகம், எந்த எண், எந்த வரிசை என்பதை அந்த அட்டையைச் செய்த நிறுவனம் மட்டுமே அறியும். அவ்வறிவை நிரலாக எழுதி வைத்தால் அதுவே இயக்கி. உரையின்றிக் கிடைத்த பழந்தமிழ் நூலைப் போன்றதுதான் இயக்கியில்லாத வன்பொருள். பொருள் முழுவதும் உள்ளேதான் இருக்கிறது, புகுவதற்குத்தான் வழியில்லை.

இவ்வரலாற்றின் தொடக்கமே ஓர் அச்சுப்பொறி என்பது பலருக்குத் தெரிந்த செய்தி. எனினும் மீண்டும் சொல்லத் தக்கது. 1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை அறிவாய்வகத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறி ஒன்றை அளித்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கியது. ஆய்வகத்தில் முன்பிருந்த பொறியின் நிரலை ரிச்சர்ட் ஸ்டால்மன் திருத்தி, தாள் சிக்கினால் அச்சுக்குக் காத்திருப்போரின் திரையில் செய்தி தோன்றுமாறு செய்திருந்தார். புதிய பொறிக்கும் அவ்வாறே செய்ய விரும்பினார். ஆனால் அதன் மூலநிரல் தரப்படவில்லை. மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரிடம் நேரில் கேட்டபொழுது, வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். 27-9-1983 அன்று ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் பின்னணியில் இம்மறுப்பும் உண்டு.

1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். தொடக்கத்திலிருந்தே விண்டோஸிற்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்று இருந்தது. விண்டோஸில், பொருளைச் செய்த நிறுவனமே இயக்கியை எழுதித் தருகிறது. மைக்ரோசாஃப்ட் தன் தளத்தின் வாயிலை மட்டும் நிலையாக வைத்திருக்கிறது. லினக்ஸிலோ இயக்கிகள் கருநிரலின் மூலத்திற்குள்ளேயே வைத்துப் பேணப்படுகின்றன. உள்ளமைப்பு எப்பொழுது வேண்டுமானாலும் மாறும். மாற்றுபவரே உள்ளிருக்கும் இயக்கிகளையும் சேர்த்துத் திருத்திவிடுவார். வெளியே தனித்து நிற்கும் மூடிய இயக்கி மட்டும் ஒவ்வொரு மாற்றத்திலும் உடையும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற்கொண்டால் பின்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

தொடக்க ஆண்டுகளில் வெற்றி முழுவதும் விண்டோஸின் பக்கமே. 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வெளிவந்தபின், அட்டையைச் செருகினால் தளம் அதனைத் தானே அறிந்துகொள்ளும் என்ற நிலை, பல தடுமாற்றங்களோடேனும், உருவாயிற்று. கோவை காந்திபுரத்துக் கடைகளில் உதிரி உறுப்புகளைக் கோத்துக் கணினி செய்து விற்ற காலத்தை நினைவுகூர்வோர், தாய்ப்பலகையின் பெட்டிக்குள் இருந்த டிரைவர் குறுந்தட்டையும் நினைவுகூர்வர். அது தொலைந்தால் ஒலியும் இராது. திரையும் பதினாறு நிறங்களோடு நின்றுவிடும். பழுது நீக்குபவர் தோள்பையில் ஓர் உறை நிறைய இத்தகைய குறுந்தட்டுகளைச் சுமந்து வருவார். அவருடைய தொழில்திறனில் பாதி அவ்வுறைக்குள்தான் இருந்தது.

அதே காலத்தில் லினக்ஸ் நிறுவியவர் எக்ஸ்-ஃப்ரீ-86 என்னும் வரைகலை அமைப்பிற்கு உள்ளமைவுக் கோப்பினைக் கையால் எழுதினார். திரையின் கிடை அலைவெண், நெடுக்கு அலைவெண் ஆகியவற்றைக் கையேட்டில் தேடிக் கண்டு இட வேண்டும். பிழையான எண்ணை இட்டால் திரைக்கே கேடு நேரலாம் என்ற எச்சரிக்கை அவ்வமைப்பின் ஆவணத்திலேயே இருந்தது. இதனைப் பொறுத்துக்கொண்டு லினக்ஸை விரும்பியவர்களை நாம் வணங்கத்தான் வேண்டும். ஆனால் கொங்குநாட்டுப் பம்பு ஆலையின் வடிவமைப்பு அறையில் இருப்பவர் ஏன் அதனை விரும்பவில்லை என்று கேட்பதற்கு இடமில்லை. அவருக்கு வேண்டியது ஆட்டோகேட். 1997இல் வந்த அதன் 14ஆம் பதிப்பு முதல் யூனிக்ஸ் கைவிடப்பட்டு விண்டோஸ் மட்டுமே நிலைத்தது. தமிழ் நூல்களை வடிவமைத்த டிடிபி நிலையங்களில் பேஜ்மேக்கர் ஆட்சி செலுத்தியது. பயனர் எங்கிருந்தாரோ அங்கேயே வன்பொருள் நிறுவனங்களும் தம் இயக்கிகளைச் சோதித்தன.

மோடம்களின் கதை இன்னும் துயரமானது. 15-8-1995 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் வந்த அக்காலத்தில், விலையைக் குறைப்பதற்காக மோடத்தின் வேலைகளில் பெரும்பகுதியை அட்டையிலிருந்து அகற்றி விண்டோஸ் மென்பொருளிடம் ஒப்படைத்தனர். வின்மோடம் என்று அவற்றிற்குப் பெயர். பெயரிலேயே விதி எழுதப்பட்டிருந்தது. லினக்ஸ் பயனருக்கு அவ்வட்டை வெறும் தகடு. கணினிக்கு வெளியே வைக்கும், விலை மிகுந்த மோடத்தை வாங்கியவரே லினக்ஸிலிருந்து இணையத்தை அடைந்தனர். இணையமின்றி இயக்கியைத் தேட இயலாது. இயக்கியின்றி இணையத்தை அடைய இயலாது. இத்தகைய முட்டுச்சந்தில் ஆர்வம் இழந்தோர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை.

இனி வரைகலைக்கு வருவோம். பிரையன் பால் 1993இல் தொடங்கிய மேசா என்னும் நூலகம், முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கான கட்டற்ற வழியைத் தந்தது. 2000ஆம் ஆண்டு மார்ச்சில் வந்த எக்ஸ்-ஃப்ரீ-86இன் 4.0 பதிப்பு, அந்நூலகம் வரைகலை அட்டையோடு நேரடியாகப் பேசுவதற்கு வழி அமைத்தது. வழி அமைந்தாலும் அட்டையின் மொழி தெரிய வேண்டுமே! இங்கே நிறுவனங்கள் மூன்று திசைகளில் பிரிந்தன. இன்டெல் தன் இயக்கியைத் திறந்த மூலமாகவே எழுதச் செய்தது. என்விடியா மூடிய இயக்கியை லினக்ஸிற்கும் தந்தது. விரைவில் அதற்கு இணையில்லை, ஆனால் கருநிரல் மாறும்பொழுதெல்லாம் உடைந்தது. ஏடிஐ நிறுவனமும் மூடிய இயக்கியே தந்தது. அதன் தரத்தைப் பற்றி அந்நாளில் நல்ல சொல் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

நம் நாட்டு அலுவலகங்களில் பெரும்பான்மையும் இன்டெல் தாய்ப்பலகையோடு ஒட்டிவந்த வரைகலையே. 810, 845, 865 என்று வரிசையாக வந்த அவை விளையாட்டிற்கு உதவா; ஆனால் லினக்ஸில் தொல்லையின்றி ஒளிர்ந்தன. விலை இன்னும் குறைவாக வேண்டுமென்று சிஸ், வியா சில்லுகள் பதித்த பலகைகளை வாங்கியோர்தாம் இடர்ப்பட்டனர். சிஸ் சில்லுகளுக்கான இயக்கியைப் பல்லாண்டுகள் பேணியவர் தாமஸ் வினிஷ்ஹோஃபர் என்னும் ஆஸ்திரியர். நிறுவனம் செய்ய வேண்டிய பணியைத் தனிமனிதர் ஒருவர் செய்தார்.

இவ்வகைப் பணியின் உச்சம் நூவோ திட்டம். 2005ஆம் ஆண்டளவில் தொடங்கிய இத்திட்டத்தினர், என்விடியா அட்டையின் மொழியை அந்நிறுவனத்தின் உதவியின்றிக் கற்க முனைந்தனர். மூடிய இயக்கியைக் கொண்டு ஒரு முக்கோணத்தை வரையச் செய்வர். வரைவதற்கு முன்னும் பின்னும் அட்டையின் பதிவகங்களில் இருந்த எண்களைப் படியெடுத்து ஒப்பிடுவர். எந்த எண் மாறியது, ஏன் மாறியது என்று ஊகிப்பர். பின் சற்றே வேறுபட்ட முக்கோணம். மீண்டும் ஒப்பீடு. தன்னார்வலர் பலர் தத்தம் அட்டைகளில் இச்சோதனையை ஓட்டி முடிவுகளை அனுப்பினர். சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்கும் முன் உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூலமும் நச்சினார்க்கினியர் உரையும் கையிலிருந்தும் சமண மரபுச் செய்திகள் விளங்காமல், கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று ஒவ்வொன்றாகக் கேட்டறிந்தார் அவர். அவருக்கு விடை சொல்ல மனிதர்களாவது இருந்தனர். நூவோ திட்டத்தினர்க்கு அதுவும் இல்லை. 2010இல் கருநிரலின் 2.6.33 பதிப்பில் அவ்வியக்கி இடம்பெற்றது.

2006இல் ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் தன் வரைகலைச் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்தது. இன்று ஏஎம்டி வரைகலை லினக்ஸில் நல்ல முறையில் இயங்குவதற்கு வித்து அந்த அறிவிப்புதான்.

அதே 2007ஆம் ஆண்டின் சனவரியில் விண்டோஸ் விஸ்டா வெளிவந்தது. இயக்கிகளின் வரலாற்றில் இதனை ஒரு திருப்புமுனை என்றே கொள்ளலாம். வரைகலை இயக்கிகளுக்கான முறையை மைக்ரோசாஃப்ட் முற்றிலும் மாற்றியது. 64 பிட் பதிப்பில் முறையான கையொப்பமில்லாத கருநிரல் இயக்கிகளுக்கு இடமில்லை என்றது. கொள்கை நல்லதே. ஆனால் பழைய பொருள்களுக்குப் புதிய இயக்கி எழுதுவதால் நிறுவனத்திற்கு ஒரு காசும் வருவதில்லை. எனவே பல நிறுவனங்கள் எழுதவில்லை. புதியவற்றிற்கு எழுதியவையும் தடுமாறின. பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணங்களின்படி, 2007இல் பதிவான விஸ்டா முடக்கங்களில் 28.8 விழுக்காடு என்விடியா இயக்கிகளால் நேர்ந்தவை.

அவ்வழக்கின் கருப்பொருளே சுவையானது. இன்டெல் 915 சில்லு, விஸ்டாவின் புதிய வரைகலை முறைக்கு ஏற்றதன்று. ஏரோ என்னும் கண்ணாடித் தோற்றம் அதில் வாராது. ஆயினும் அச்சில்லு கொண்ட கணினிகளில் 'விஸ்டாவிற்கு ஏற்றது' என்னும் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டது. அதே 915இல், 2006இல் வந்த காம்பிஸ் என்னும் லினக்ஸ் மென்பொருள், நெளியும் சாளரங்களையும் சுழலும் கனசதுரத்தையும் காட்டியது. வன்பொருள் ஒன்றே. ஒரு தளம் தகுதியற்றது என்று தள்ளியதை மற்றொன்று ஆடவைத்தது. பத்தாண்டுகளுக்கு முன் மோடத்தோடு மல்லுக்கட்டியவர்கள் இக்காட்சியைக் கண்டு எத்துணை மகிழ்ந்திருப்பர்!

வருடிகளின் கதி நம்மை நேரே தொட்டது. எமது தமிழ்த்துறையில் பழைய சிற்றிதழ்களைப் படியெடுக்க ஒரு மேசை வருடி இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் குறையின்றி உழைத்தது. புதிய கணினியில் 64 பிட் விண்டோஸ் 7 வந்ததும் அதற்கு இயக்கி இல்லை. உற்பத்தி நிறுவனத்தின் (பெயர் வேண்டா) விடை, புதிய மாதிரியை வாங்குக என்பதே. கண்ணாடியிலோ விளக்கிலோ குறையேதும் இல்லாத பொருள் பழம்பொருளாகிவிட்டது. மாணவர் ஒருவர் லினக்ஸ் குறுந்தட்டிலிருந்து கணினியைத் தொடங்கினார். ஸேன் என்னும் கட்டற்ற வருடி அமைப்பு அதனை உடனே அடையாளம் கண்டது. மடித்தாலே ஒடியும் தாள்கள் அவை. இன்னும் ஓராண்டு காத்திருந்தால் எத்தனை பக்கங்கள் எஞ்சியிருக்குமோ அறியோம்.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் நீக்கிவிடுவோம். தமிழ் எழுத்துகள் கொம்பும் காலும் பிரிந்து தெரிந்ததற்கு வரைகலை இயக்கியைப் பழித்தவர்கள் உண்டு. அது இயக்கியின் குற்றமன்று. விண்டோஸ் 2000இல்தான் தமிழ் ஒருங்குறிக்கு இடம் கிடைத்தது. எக்ஸ்பியில்கூட அதற்குரிய தெரிவை நாமே இயக்க வேண்டியிருந்தது. லினக்ஸில் பாங்கோ, கியூட்டி என்று ஒவ்வொரு நூலகமும் எழுத்துகளைத் தனித்தனியே கோத்தது. பின்னர் அவ்வேலை ஹார்ஃப்பஸ் என்னும் ஒரே நூலகத்திடம் வந்து சேர்ந்தது. இன்று குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் தமிழ் எழுத்துகளைக் கோப்பது அதுவே.

அச்சுப்பொறிகளில் ஒரு விந்தை உண்டு. கூட்டுறவுச் சங்கங்களில் கிறீச்சிட்டுக்கொண்டு அச்சிடும் டிவிஎஸ் புள்ளி அச்சுப்பொறி, லினக்ஸில் எப்பொழுதும் தொல்லை தந்ததில்லை. எப்சன் நிறுவனத்தின் வெளிப்படையான கட்டளை மொழியையே அதுவும் பேசியதால், எப்சனுக்கு எழுதிய இயக்கி இதற்கும் பொருந்தியது. ஆனால் நம் ஊர் நகலகங்களில் எல்லாம் காணப்பட்ட கேனன் எல்பிபி 2900, தனக்கேயுரிய மூடிய மொழியைப் பேசியது. கேனன் தந்த லினக்ஸ் இயக்கியைப் பொருத்துவதற்குள் பொறுமை போய்விடும். எச்பி லேசர்ஜெட் 1020இன் தன்மை வேறு. அதற்கு நிலையான நினைவே இல்லை. மின்விசையை இயக்கும்பொழுதெல்லாம் அதன் உள்நிரலைக் கணினி அனுப்பியாக வேண்டும். விண்டோஸில் இது திரைமறைவில் நிகழ்ந்தது. லினக்ஸில் அதற்கெனத் தனி இயக்கி எழுத நேர்ந்தது.

அரசின் பங்கிற்கு வருவோம். 2005இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைந்தது. 2007இல் சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடியொற்றி பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அவ்வாண்டுகளில் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராயிருந்த சி.உமாசங்கர் அந்நிறுவனத்தையே சூசே லினக்ஸிற்கு மாற்றினார். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இடம்பெற்றன. மாணவர்களில் பெரும்பாலோர் லினக்ஸ் பகுதியைத் திறந்ததே இல்லை. இடம் போதவில்லையென்று அழித்தவர்களும் உண்டு. இது நாம் கண்டவரையில் சொல்வது. இயக்கிகள் பொருத்தப்பட்டே வந்தன. அதனைக் கற்பிப்பார்தாம் வரவில்லை.

மதுக்கரையிலிருந்து பாலக்காட்டுச் சாலையில் சென்றால் சிறிது நேரத்தில் வாளையாறு. அதற்கு அப்பால் வேறு வரலாறு. கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் பள்ளிகளை முற்றிலும் குனு/லினக்ஸிற்கு மாற்றியது. 2017இல் அது கைட் என்னும் நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் வெளியீடு, அதனைக் கையாளப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், அதனையொட்டிய பாடநூல் என்று மூன்றையும் சேர்த்தே செய்தனர். அங்கே கணினி வாங்குவோர் அது லினக்ஸில் இயங்குமா என்பதை முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. மலைக்கு இப்பால் நாம் அதனைக் கடைசியில் கேட்டோம், அல்லது கேட்கவே இல்லை.

பிற்காலச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2012இல் ஆல்ட்டோ பல்கலைக்கழக மேடையில் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி விரலுயர்த்திக் கடிந்தது உலகறிந்த காட்சி. அதன்பின் வந்த அட்டைகளில் அந்நிறுவனம் தன் கையொப்பமிட்ட உள்நிரலைக் கட்டாயமாக்கியதால், நூவோ இயக்கியால் அவற்றை முழு வேகத்தில் ஓட்ட இயலாமற்போயிற்று. 2022 மேயில் என்விடியா தன் கருநிரல் இயக்கியின் மூலத்தைத் திறந்தது. மகிழத்தக்கதுதான், ஆனால் முன்பு இயக்கியிலிருந்த நுட்பங்களிற் பல அட்டைக்குள் ஓடும் மூடிய உள்நிரலுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. விளையாட்டுத் துறையில் வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டானையும் 2022இல் ஏஎம்டி சில்லு கொண்ட ஸ்டீம் டெக்கையும் வெளியிட்டு, லினக்ஸ் வரைகலையைச் செம்மைப்படுத்தியது. இத்துறை நமக்குப் பழக்கமில்லாதது, ஆதலின் விடுக்கிறோம்.

14-10-2025 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். அரசு தந்த மடிக்கணினிகளிற் பல இவ்வரம்பிற்குள் வாரா. லினக்ஸும் எல்லாவற்றையும் என்றென்றும் சுமப்பதில்லை. 386 செயலியைக் கருநிரல் 2013இல் விட்டது. மேசா பழைய இயக்கிகளை 2022இல் தனிக்கிளையாகப் பிரித்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தரவில்லை. எனினும் எட்டாம் தலைமுறைக்கு முந்திய 64 பிட் இன்டெல் கணினி எதுவும் இன்றும் அதில் வாழ்கிறது.

ஆகவே அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளைக் கோவைக் கடைகளில் மலிவாக வாங்கித் தமிழ்ப்பணிக்குப் பயன்படுத்த எண்ணும் அன்பர்கள் சிலவற்றை நோக்குதல் நலம். வரைகலை இன்டெல் அல்லது ஏஎம்டியாக இருப்பின் கவலையில்லை. பழைய என்விடியா அட்டையாயின், அந்நிறுவனத்தின் மூடிய இயக்கி அதனைக் கைவிட்டிருக்கலாம். நூவோவில் மெல்ல ஓடும், பக்கம் வடிவமைக்க அது போதும். வருடியாயின் வாங்கும் முன் ஸேன் பட்டியலில் மாதிரி எண்ணைத் தேடுக. அச்சுப்பொறியில் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா குறி உண்டா என்று பார்க்க. உண்டெனில் பொதுவான அச்சு நெறிமுறையைப் பேசும், தனி இயக்கியே வேண்டா. மைக்ரோசாஃப்டும் இப்பொழுது அவ்வழிக்கே வந்துவிட்டது: அச்சுப்பொறி நிறுவனங்களின் தனி இயக்கிகளை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023 செப்டம்பரில் அறிவித்தது. புள்ளி அச்சுப்பொறி வைத்திருப்போர் மை நாடாவை மட்டும் மாற்றிக்கொள்க.